வெந்த முட்டையும் உறைந்த தேங்காயெண்ணெயும்

கண் பக்கம்: ஓய்வு பெற்ற அரசுக் கண் மருத்துவர் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்

கேள்வி: சென்ற இதழில் 'கண்புரை என்பது வெந்த முட்டை வெள்ளைக்கரு மாதிரி' என்று எழுதியிருந்தீர்கள். முப்பத்திரண்டு வருடம் வேதியியல் நடத்தியவன் நான். முட்டை வேக அடுப்பு வேண்டும். கண்ணுக்குள் அடுப்பு மூட்டியது யார்?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், தேவகோட்டை

பதில்: ஐயா, மாட்டிக்கொண்டேன். ஆனாலும் உவமையை முழுசாக வாபஸ் வாங்க மாட்டேன்.

உங்கள் வீட்டில் மீன் குழம்பு உண்டா? மீன் தலையைத் தட்டில் வைத்தால் அதன் கண்ணுக்குள் வெள்ளை வெளேரென்று, கெட்டியாக, மிளகைவிடச் சற்றுப் பெரிய ஓர் உருண்டை இருக்கும். சின்ன வயதில் நாங்கள் அதை எடுத்து உருட்டி விளையாடுவோம். அதுதான் மீனின் லென்ஸ், ஒளியைக் குவிக்கும் உறுப்பு. பச்சை மீனில் அதே உருண்டையை எடுத்துப் பாருங்கள், கண்ணாடிக் குண்டு மாதிரி தெளிவாக இருக்கும். குழம்பில் கொதித்தபோது அதன்மேல் புதிதாக எதுவும் வந்து படியவில்லை. உள்ளே இருந்த புரதமே நிலை மாறிவிட்டது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. புரை என்றால் கண்ணின் மேல் படரும் ஆடை என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். 'அந்தத் தோலை உரித்துவிடுங்கள் டாக்டர்' என்று கேட்டவர்களுக்கு என் சர்வீஸில் கணக்கே இல்லை. உரிக்க அங்கே தோலே கிடையாது.

நம் லென்ஸ் கொண்டைக்கடலையைத் தட்டையாக அமுக்கியது போல இருக்கும். அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புரதம். முட்டை வெள்ளைக்கருவிலேயே பத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு கெட்டியாகப் புரதம் அடைத்த ஒரு பொருளுக்குள் ஒளி எப்படி நுழைந்து போகிறது என்பதுதான் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி. அந்தப் புரதங்களில் பெரும்பங்கு கிரிஸ்டலின் என்ற இனம். ஆல்பா, பீட்டா, காமா என்று மூன்று வகை. நெருக்கி அடைத்திருந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டாமல், சீராகப் பரவி நிற்கின்றன. அப்படி இருக்கும்வரை ஒளி சிதறாது. நாலைந்து சேர்ந்து கட்டியாகத் தொடங்கி, அந்தக் கட்டிகள் ஒளியின் அலைநீளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்துவிட்டால் ஒளி சிதறும். அதைத்தான் வெள்ளை என்கிறோம்.

சரி, அடுப்புக்கு வருகிறேன். உடம்பில் மற்ற இடங்களில் பழைய புரதத்தை உடைத்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்துகொள்ள வழி இருக்கிறது. லென்ஸின் நடுவில் இருக்கும் நார் செல்களுக்கு அது கிடையாது. ஒளிக்குக் குறுக்கே நிற்கும் என்று தங்கள் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா எல்லாவற்றையும் கழித்துக் கட்டிவிட்டவை அவை. தாய் வயிற்றில் இருந்தபோது செய்த சரக்குதான் எழுபது வயதிலும். அத்தனை வருடமும் அதற்குச் சின்னச் சின்ன அடி விழுந்துகொண்டே இருக்கிறது. புரதத்தில் இருக்கும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் தன் அமைடைத் தொலைத்து அமிலமாகிறது, புரதத்தின் மின்சுமை மாறுகிறது. சிஸ்டீன் என்ற இன்னொரு அமினோ அமிலத்தில் இருக்கும் கந்தகம் ஆக்சிஜனேற்றமாகிப் பக்கத்துக் கந்தகத்தோடு கை கோக்கிறது. சலூனில் முடியைச் சுருட்டையாக்கும்போது உடைத்துச் சேர்ப்பதும் இதே டைசல்பைடு பிணைப்பைத்தான், உங்களுக்குத் தெரியாததா?

இதையெல்லாம் சமாளிக்கத்தான் ஆல்பா இருக்கிறது. மற்ற புரதம் ஒன்று மடிப்புக் கலைந்து தள்ளாடினால் ஓடிப்போய்க் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ளும். 1992-ல் ஜோசப் ஹோர்விட்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதனைக்குழாயில் காட்டினார். பீட்டாவையும் காமாவையும் சூடாக்கினால் கலங்கிவிடும். கூடவே ஆல்பாவைச் சேர்த்துச் சூடாக்கினால் தெளிவாகவே நிற்கும். உங்கள் லேபில் செய்ய முடிந்திருந்தால் மாணவர்கள் கைதட்டியிருப்பார்கள். ஆனால் ஆல்பா பிடித்துக்கொள்ளுமே தவிர, விழுந்ததை மறுபடி எழுப்பி நடக்கவிடாது. ஒருவரைப் பிடித்த கை அவரோடு போயிற்று. புதிதாகவும் பிறக்காது. நாற்பது வயதைத் தாண்டும்போது லென்ஸின் நடுப்பகுதியில் கைவசம் இருந்த ஆல்பா ஏறக்குறையத் தீர்ந்துவிடுகிறது. நமக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி வருவதும் கிட்டத்தட்ட அந்த வயதில்தான். அதற்கப்புறம் தள்ளாடும் புரதங்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய வேண்டியதுதான்.

ஆக, அடுப்பு இல்லை. அறுபது வருடம் வெயிலில் வைத்த சட்டி என்று வேண்டுமானால் திருத்திக்கொள்கிறேன். இதிலும் ஒரு பிழை கண்டுபிடித்து எழுதுவீர்கள், காத்திருக்கிறேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. இருபது வருடமாகக் கண்ணாடி இல்லாமல் காலண்டர்கூடப் பார்க்க மாட்டார். இந்த வருடம் திடீரென்று கண்ணாடி போடாமலே ஊசியில் நூல் கோக்கிறார். தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை சாப்பிட்டதுதான் காரணம் என்கிறார். உண்மையா?
— இல்லத்தரசி, பாளையங்கோட்டை

பதில்: கீரை சாப்பிடட்டும், நல்லது. ஆனால் நூல் கோக்க வைத்தது கீரை இல்லை, புரை.

கேட்கச் சங்கடமாக இருக்கும். லென்ஸின் நடுப்பகுதியில் புரதம் கட்டிப்பட்டு இறுகும்போது ஒளியை வளைக்கும் சக்தி அங்கே கூடிவிடும். கண் கிட்டப்பார்வைப் பக்கம் சாய்ந்துவிடும். பக்கத்தில் இருப்பது கண்ணாடி இல்லாமலே தெரியும். ஆனால் தூரத்துப் பார்வை குறைந்துகொண்டே வரும். அம்மாவை வாசலில் நிற்க வைத்து, வரும் பஸ்ஸின் போர்டைப் படிக்கச் சொல்லுங்கள். இது சில மாதங்களோ ஒன்றிரண்டு வருடமோ நீடிக்கும், பிறகு கிட்டப் பார்வையும் மங்கும். சந்தோஷமாக இருக்கிறாரே, அதைக் கெடுக்க வேண்டாம். ஆனால் ஒரு தடவை கண்ணைக் காட்டிவிடுங்கள்.

கேள்வி: ஆபரேஷன் இல்லாமல் புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று இணையத்தில் விளம்பரம் பார்த்து, இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கினேன். மூன்று மாதமாக விடுகிறேன். எப்போது கரையும்? தேனும் விடலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.
— மளிகைக் கடைக்காரர், பொள்ளாச்சி

பதில்: தேனை இன்றோடு நிறுத்துங்கள். தேன், தாய்ப்பால், வெங்காயச் சாறு எதையும் கண்ணில் விடக் கூடாது. அதனால் கருவிழியில் புண் வந்து, புரை ஆபரேஷன் செய்தும் பார்வை கிடைக்காமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சொட்டு மருந்துக்கு வருவோம். மார்கழியில் உங்கள் கடைத் தேங்காயெண்ணெய் டப்பா வெள்ளையாக உறைந்துவிடும். வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் பழையபடி தெளியும். புரையும் அப்படிப்பட்டதாக இருந்தால் கரைத்துவிடலாம். அந்த மாதிரி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. இளங்கன்றின் லென்ஸைக் குளிர்பெட்டியில் வைத்தால் நடுவில் வெள்ளை விழும், வெளியே எடுத்துச் சூடு காட்டினால் மறைந்துவிடும். காமா கிரிஸ்டலின் குளிரில் பிரிந்து, சூட்டில் மறுபடி கலக்கிறது. அவ்வளவுதான்.

வயதானவர்களுக்கு வரும் புரை அந்த ஜாதி இல்லை. அதனால்தான் முட்டை என்கிறேன். வெந்த முட்டையை ஃபிரிஜ்ஜில் வைத்தாலும் தண்ணீரில் ஊறப்போட்டாலும் பச்சை முட்டையாகாது. 2015-ல் லானோஸ்டெரால் என்ற பொருள் நாய்களின் புரையைத் தெளிய வைத்தது என்று ஓர் ஆய்வு வந்தது. நானும் ஆர்வமாகத்தான் படித்தேன். பிறகு மனித லென்ஸின் கெட்டிப் பகுதியை அதில் ஊறவைத்துப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெளியவில்லை. 2019-ல் 'இது வேலை செய்யவில்லை' என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு கட்டுரை வந்தது. கார்னோசின் என்ற பெயரில் விற்கும் சொட்டு மருந்துகளுக்கும் நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று 2017-ல் வெளியான மதிப்பாய்வு சொல்லிவிட்டது. என்றாவது ஒருநாள் யாராவது கண்டுபிடிக்கலாம். உங்கள் கையில் இருக்கும் பாட்டில் அது இல்லை.

கேள்வி: எனக்கு 48 வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. இரண்டு கண்ணிலும் புரை ஆரம்பம் என்கிறார்கள். இந்த வயதிலேயே வருமா?
— ஆட்டோ ஓட்டுநர், திருச்சி

பதில்: வரும் தம்பி. மூன்று மாத சர்க்கரை டெஸ்ட் எடுப்பீர்களே, அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியுமா? ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை சும்மா மிதந்துகொண்டிருக்காது, அங்கங்கே புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அதில் எண்ணுகிறார்கள். சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள். அதனால் நாலு மாதத்துக்கு முன் நீங்கள் செய்த தப்பெல்லாம் அந்தக் கணக்கில் அழிந்துவிடும். லென்ஸ் புரதத்திலும் சர்க்கரை அதே மாதிரிதான் ஒட்டுகிறது. ஆனால் இந்தப் புரதத்தை மாற்றவே முடியாதே, அதனால் கணக்கு அழியாது. பதினைந்து வருடக் கல்யாண வீட்டுப் பாயசம் அத்தனையும் அங்கே பதிவாகியிருக்கிறது.

அதோடு, சர்க்கரை அதிகமானால் லென்ஸுக்குள் அது சார்பிட்டால் என்ற பொருளாக மாறி, தண்ணீரை இழுத்து வீங்கவைக்கும். சர்க்கரை ஏறி இறங்கும் நாட்களில் கண்ணாடி பவர் மாறிக்கொண்டே இருப்பது இந்த வகைக் கோளாறால்தான். இது தேங்காயெண்ணெய் ஜாதி, சர்க்கரை அடங்கினால் சரியாகும். அதனால் சர்க்கரை நிலைப்பட்ட பிறகே புதுக் கண்ணாடி வாங்குங்கள். ஏற்கெனவே விழுந்த புரை போகாது. இன்னொன்று: புரையை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். கண்பாப்பாவை விரிய வைத்து விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரியில் சவாரி ஓட்டுகிறவர் நீங்கள்.

கேள்வி: ஜிம்முக்குப் போகிறேன். புரோட்டீன் பவுடர் சாப்பிடுகிறேன். லென்ஸில் புரதம் சேர்ந்துதான் புரை வருகிறது என்றால், அதிகப் புரதம் சாப்பிட்டால் புரை வருமா?
— கல்லூரி மாணவர், சேலம்

பதில்: வராது. தின்ற புரதம் செரிக்கும்போதே அமினோ அமிலமாக உடைந்துவிடும், கிளம்பிப் போய் லென்ஸில் படியாது. பயப்பட வேண்டியது வேறு. கண் அரிக்கிறது என்று மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விடும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், உங்கள் வயதிலேயே லென்ஸின் பின்பக்கம் புரை விழும், கண் அழுத்தமும் ஏறும். அரிப்புக்குச் சொட்டு விட்டே இருபத்திரண்டு வயதில் ஆபரேஷனுக்கு வந்த பையனை எனக்குத் தெரியும்.

கேள்வி: அப்பாவுக்கு 78. வலது கண்ணில் புரை முழு வெள்ளையாகிவிட்டது. 'நல்லா முத்தட்டும், இடது கண் தெரியுதுல்ல' என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார். முத்தினால்தான் எடுக்க வேண்டுமா?
— விவசாயி, கமுதி

பதில்: 'முத்தட்டும்' என்பது அப்பா கண்டுபிடித்த வார்த்தை இல்லை. எங்கள் ஆட்கள் சொல்லிக்கொடுத்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் லென்ஸை உறையோடு மொத்தமாக எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்புவோம். அந்தக் கண்ணாடியில் வாசல்படி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அதற்குப் புரையோடு இருப்பதே மேல் என்று, முழுசாக மறைக்கும்வரை காத்திருக்கச் சொன்னோம். அந்தக் காலம் போய்விட்டது. இன்றைக்கு முற்றிக் கல்லான புரையை எடுப்பதுதான் கஷ்டம்.

உங்கள் ஊர்ப் பக்கம் எண்பதுகளில் பள்ளிக்கூடங்களில் கண் முகாம் நடத்தியிருக்கிறேன். ஒரு பாட்டியை முந்தின வருட முகாமிலேயே வரச் சொல்லியிருந்தோம். பேத்தி கல்யாணம் முடியட்டும் என்று போய்விட்டார். அடுத்த வருடம் ராத்திரி வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நாளாகத் தாங்க முடியாத தலைவலி, வாந்தி. பித்தம் என்று நெற்றி முழுக்கச் சுக்குப் பற்று. கண் ரத்தச் சிவப்பு. டார்ச் அடித்துப் பார்த்தேன், கண்ணின் முன்பக்கம் பால் கலந்த தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது.

நடந்தது இதுதான். புரை அளவுக்கு மீறி முற்றினால் கட்டிப்பட்ட புரதம் ஓரத்தில் இளகித் திரவமாகும். அது லென்ஸின் உறை வழியாக வெளியே கசியும். அதைத் தின்று துப்புரவு செய்ய வெள்ளணுக்கள் வரும். கசிந்த புரதமும் அதைத் தின்று ஊதிய அணுக்களும் சேர்ந்து கண்ணுக்குள் ஓடும் நீரின் (இது கண்ணீர் இல்லை, வேறு) வடிகாலை அடைத்துவிடும். நீர் வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பை நசுக்கும். பாட்டிக்கு அழுத்தத்தைக் குறைத்து, லென்ஸையும் எடுத்தோம். வலி போயிற்று. நரம்பு ஏற்கெனவே போய்விட்டிருந்தது. கை அசைவது மட்டும் தெரிந்தது.

முழு வெள்ளையான கண் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அறுப்பு முடியட்டும், தை பிறக்கட்டும் என்று அப்பா ஏதாவது சொல்வார். இந்த வாரமே கூட்டிப் போங்கள். அதற்குள் கண் சிவந்தாலோ வலித்தாலோ ராத்திரியானாலும் கிளம்புங்கள்.

கேள்வி: என் மகளின் குழந்தைக்கு மூன்று மாதம். போட்டோ எடுத்தால் ஒரு கண்ணின் நடுவில் வெள்ளையாகத் தெரிகிறது. மருமகனின் அக்காவுக்கும் சின்ன வயதிலேயே புரை எடுத்தார்களாம். குழந்தைக்கு ஒரு வயது ஆகட்டும் என்கிறார்கள்.
— பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பதில்: அம்மா, பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லி உங்களுக்கு இந்தப் பதிலை முன்பே போனில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. கண்பாப்பாவில் வெள்ளை தெரிவது புரையாகவும் இருக்கலாம், விழித்திரையில் வரும் புற்றுக்கட்டியாகவும் இருக்கலாம். இரண்டுமே அவசரம். புரை என்றாலும், ஒளி போகாத கண்ணைக் குழந்தையின் மூளை பார்க்கக் கற்றுக்கொள்வதில்லை. ஒரு வயதில் எடுத்தால் கண் தெளிவாக இருக்கும், பார்வை இருக்காது.

அத்தைக்கும் இருந்ததால் பரம்பரையாக வந்ததா என்று பார்க்க வேண்டும். கிரிஸ்டலின் மரபணுவில் ஓர் எழுத்து பிசகினாலே போதும். ஒரு சிறுவனின் லென்ஸிலிருந்து எடுத்த துணுக்குகளைப் பார்த்தபோது அவை நிஜமான படிகங்களாகவே இருந்தன என்று 2000-ல் எழுதினார்கள். காமா புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதில், சர்க்கரைப் பாகில் கற்கண்டு விளைவது போல லென்ஸுக்குள் புரதம் விளைந்துவிட்டது. எல்லாப் பிறவிப் புரையும் மரபணுவால் வருவதில்லை. தாய்க்குக் கர்ப்பத்தில் ருபெல்லா என்ற அம்மை வந்தாலும் வரும். பாலில் இருக்கும் காலக்டோஸை உடம்பு கையாள முடியாத குழந்தைகளுக்கும் வரும். அந்தக் கடைசி வகை மட்டும், சீக்கிரம் கண்டுபிடித்துப் பாலை நிறுத்தினால் தானாகத் தெளிவதுண்டு.

கேள்வி: ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்து இரண்டு வருடம் ஆயிற்று. மறுபடி மங்குகிறது. புரை திரும்ப வருமா?
— ஓய்வு பெற்ற தபால்காரர், கும்பகோணம்

பதில்: புரதத்தை எடுத்தாயிற்று, வைத்திருப்பது பிளாஸ்டிக். அது வேகாது. லென்ஸ் இருந்த உறையை மட்டும் உள்ளேயே விட்டிருப்பார்கள், அதில் ஒட்டியிருந்த செல்கள் நகர்ந்து பின்பக்கம் படர்ந்திருக்கலாம். அப்படியென்றால் லேசர் வைத்து ஐந்து நிமிடத்தில் ஜன்னல் திறந்துவிடுவார்கள். வேறு காரணமா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: லென்ஸ் புரதம் நாம் பிறப்பதற்கு முன்பே செய்தது, மாறவே மாறாது என்கிறீர்கள். அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
— பிளஸ் ஒன் மாணவி, சிவகங்கை

பதில்: இந்த மாதம் வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி.

1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் காற்றுவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அப்படி வெடிப்பதைத் தடைசெய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு மெல்லக் குறைந்தது. எந்த வருடத்தில் எவ்வளவு இருந்தது என்று கணக்கு இருக்கிறது. பயிர் அந்தக் காற்றைக் குடிக்கும், நாம் பயிரைத் தின்போம். ஆக, ஒரு புரதத்தில் இருக்கும் கார்பன்-14 அது எந்த வருடத்துச் சாப்பாட்டில் உருவானது என்று காட்டிக்கொடுக்கும். டென்மார்க்கில் இறந்தவர்களின் லென்ஸ்களை எடுத்து, அதிலிருந்த கிரிஸ்டலினை அளந்து 2008-ல் வெளியிட்டார்கள். அது அவரவர் பிறந்த வருடத்தைக் காட்டியது. புரதம் மாறிக்கொண்டே இருந்திருந்தால் இறந்த வருடத்தைத்தானே காட்டியிருக்க வேண்டும்?

அதே யோசனையைக் கிரீன்லாந்து சுறாவுக்கும் செய்தார்கள். எலும்பை வைத்து வயது சொல்ல முடியாத மீன் அது. லென்ஸின் நடுப்பகுதியை எடுத்து அளந்ததில், ஐந்து மீட்டர் நீளமிருந்த ஒரு சுறாவுக்கு 392 வயது, 120 வருடம் முன்னே பின்னே இருக்கலாம் என்று வந்தது. 2016-ல் வெளியான ஆய்வு.

நான் 1950-ல் பிறந்தவள். வலது கண்ணில் போன வருடம் ஆபரேஷன் முடிந்து மதுரையில் செய்த லென்ஸ் இருக்கிறது. இடது கண்ணில் இன்னும் பழையதுதான். வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் என் வெள்ளைக் கோட்டில் டீ சிந்தியது போலத் தெரிகிறது, புரதம் அவ்வளவு பழுப்பேறிவிட்டது. அணுகுண்டுக் கார்பன் காற்றில் ஏறுவதற்கு முன்னால், என் அம்மா சாப்பிட்ட சோற்றில் இருந்த கார்பன் அதன் நடுவில் இருக்கிறது. அடுத்த மாதம் அதையும் எடுக்கிறார்கள். எடுத்ததைக் கையில் கொடுங்கள் என்று கேட்க ஆசைதான். உடைத்து உறிஞ்சி எடுக்கிற ஆபரேஷனில் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது.